பூசணத்துக்குச் சோறு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம், போன மாதத்து இருமல்கூடப் போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய்? மாமாவின் முழங்கால் வலி பரவாயில்லையா?

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். படித்ததும் சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

எனக்கு மரவள்ளிக் கிழங்கு வேண்டும். சர்க்கரைவள்ளியும் வேண்டும். நான் தின்ன இல்லை, பூஞ்சைக்கு. "பூசணம் வந்துடுச்சு, பூசணம் வந்துடுச்சு" என்று மாவுப் பானை முன்னால் நின்று கத்துவாயே, அதே கூட்டம்தான்.

ஆஸ்பத்திரியில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ கேட்டதே இல்லை. "ரத்தம் டெஸ்ட் பண்றான்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். நான் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. கண்ணில் புண்ணோடு வருகிறவர்களிடமிருந்து டாக்டரம்மா துளியூண்டு சுரண்டி, மாடியில் இருக்கும் என் அறைக்கு அனுப்புவார். கண்ணாடித் தட்டில் கூழ் ஊற்றி ஆறவைத்து, அதன் மேல் அந்தத் துளியைக் கீறி வைத்து, என்ன முளைக்கிறது என்று பார்த்துச் சொல்வேன். பூஞ்சை முளைத்தால் ஒரு மருந்து, இல்லாவிட்டால் வேறு மருந்து. மாற்றிப் போட்டால் கண் போய்விடும்.

அந்தக் கூழுக்கான சத்துத் தூள் கப்பலில் வர வேண்டும். வருவது நின்றுவிட்டது. டப்பாவின் அடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். கூழைக் கெட்டியாக்குகிற கடற்பாசித் தூள் மட்டும் மூட்டையாகக் கிடக்கிறது. போன மாதம் ஒரு தச்சர் வந்தார். கண்ணில் சிராய் பட்டுப் புண். இங்கே தூள் போதவில்லை என்று மாதிரியைத் தலைநகரத்துக்கு அனுப்பினோம். பதில் வந்தபோது கண் இல்லை. மனிதர் என்னிடம், "பரவால்ல தம்பி, இன்னொண்ணு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் கண்காணிப்பாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'முடியாது சார்'. மின்விசிறி மாற்றக் கேட்டாலும் முடியாது, விடுப்புக் கேட்டாலும் முடியாது. அவர் நேற்று வந்து, "ஜூலைக்குள்ள நீங்களா ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா இந்த ரூமுக்குப் பூட்டுதான். பழைய கட்டில் போட இடம் இல்லாம நான் தவிக்கிறேன்" என்றார். கிழங்கு வெந்த தண்ணீரிலேயே பூஞ்சை வளரும், வளர்த்துக் காட்டுகிறேன் என்றேன். என்ன சொன்னார் என்று நீயே ஊகித்துக்கொள்.

அதனால் கிழங்கை அனுப்பு. கூட நீ வந்துவிடாதே! ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் நீ ஜன்னலில் நின்று கண்ணை உருட்டியதால்தான் நான் கோட்டை விட்டேன். இன்றைக்கும் நீ பக்கத்தில் நின்றால் எனக்குக் கை ஓடாது.

உன் தம்பி


ஜனவரி 24

தம்பிக்கு,

அக்காவின் அன்பு. நாங்கள் சுகம். மாமாவின் முழங்கால் மழைக்கு முனகும், வெயிலுக்கு மறந்துவிடும். நீ வேளைக்குச் சாப்பிடு. பூசணத்துக்குப் பரிமாறுவது அப்புறம்.

நீ சொன்னபடி சிரித்தேன். மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். "ஊரே பூசணத்தை விரட்டுது, உன் தம்பி அதுக்குப் பந்தி வைக்கிறான்" என்றார். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து நான் அதோடு மல்லுக்கட்டுகிறேன். சோள மூட்டை, மாவுப் பானை, மாமாவின் தோல் செருப்பு ஒன்றையும் அது விட்டு வைத்ததில்லை. கூடப் பிறந்தவன் அதன் கட்சியில் சேர்ந்துவிட்டான். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஆனால் அந்தத் தச்சர் சொன்னதைப் படித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. மாமாவும் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் கிழங்கைத் தோண்டிக்கொண்டிருக்கிறார், அந்த முழங்காலோடு. ஒரு சாக்கு மரவள்ளி, அரைச் சாக்கு சர்க்கரைவள்ளி. லாரியில் ஏற்றியாயிற்று.

இன்னொன்று. அன்றைக்கு நான் ஜன்னலில் நின்றது உன்னை மிரட்ட இல்லையடா. நீ பென்சிலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாய், கொடுக்க வந்தேன். இத்தனை வருஷமாக என் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு திரிகிறாயா?

அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும். பென்சில் விஷயம் எனக்கு இன்றுவரை தெரியாது. மன்னித்துவிடு. நீ நின்றால் கை ஓடாது என்பது என்னவோ நிஜம்.

சாக்கு வருவதற்கு முன்னால் அதன் வாடை வந்தது. லாரி எங்கெங்கேயோ சுற்றி வந்ததில் பாதிக் கிழங்கு அழுகிவிட்டது. வாசல் காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், உங்க வீட்டுல இருந்து பாசமா ஏதோ அனுப்பியிருக்காங்க" என்றார்.

மீதியைக் கழுவி, தோல் சீவி, வேகவைத்து வடிகட்டினேன். அந்தத் தண்ணீரில் சர்க்கரையும் கடற்பாசித் தூளும் போட்டு, பெரிய ஆவிப் பாத்திரத்தில் வைத்துக் கிருமி இல்லாமல் வேகவிட்டு, தட்டுகளில் ஊற்றினேன். சோதனைக்காகவே நாங்கள் எப்போதும் உயிரோடு வைத்திருக்கும் பூஞ்சை ஒன்று உண்டு. அதை வைத்துப் பார்த்தேன்.

அக்கா, வளர்ந்தது! ஆனால் நோஞ்சான். வெறும் மாவுச்சத்தைத் தின்று நீட்டி நீட்டிப் படர்கிறதே தவிர, வித்துக் கட்டவில்லை. வித்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் இது இன்ன பூஞ்சை என்று சொல்ல முடியும். 'முடியாது சார்' தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, ஒட்டடையா?" என்றார்.

பயறு சேர்த்தால் தேறும் என்று நினைக்கிறேன். அழுகாமல் வர வேண்டும் என்றால் மாவாகத்தான் வர வேண்டும். கிழங்கை வில்லையாக அரிந்து காயவைத்து அரைத்து அனுப்பு. தட்டைப்பயறு மாவும் சோள மாவும் வேண்டும். தனித்தனிப் பையில் கட்டு.

உன் தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

சுகம், சுகமா? கடிதத்துக்கு இத்தனை நாள் ஆனதற்குக் கோபப்படாதே. வெயில் வர வேண்டாமா?

கிழங்கை நானே அரிந்தேன். மொட்டை மாடி முழுக்கக் காயப்போட்டு, காக்காயை விரட்ட மாமாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் தூங்கிவிட்டார், காக்காய் அவர் காலடியிலேயே உட்கார்ந்து தின்றது. மறுபடி அரிந்தேன். பயறைப் புடைத்துக் கல் பொறுக்கினேன். நம் வீட்டு மாவுக்கு என்ன பக்குவம் செய்வேனோ, உனக்கு அதைவிட ஒரு பங்கு கூடவே செய்து, மில்லில் பக்கத்திலேயே நின்று அரைத்து வாங்கினேன். நாலு பை. வருஷக்கணக்கில் வைத்திருந்தாலும் கெடாது, அதற்கு நான் பொறுப்பு.

அக்கம்பக்கத்தில், "தம்பிக்கா இவ்வளவு மாவு? சமைச்சுப் போட ஆள் வந்தாச்சா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், அவனே சமைக்கிறான், சாப்பிடுவதுதான் வேறு ஆள் என்றேன்.

அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

உன் மாவில் ஒன்றுமே முளைக்கவில்லை. நோஞ்சானாகக்கூட இல்லை, சுத்தமாக ஒன்றுமில்லை. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சோளம், பயறு என்று நான்கையும் தனியாகவும் கலந்தும் காய்ச்சிவிட்டேன். வேகவைக்கும் நேரத்தைக் குறைத்தேன், கூட்டினேன், தண்ணீரை மாற்றினேன். தட்டுகள் கழுவி வைத்த மாதிரி பளபளவென்று இருக்கின்றன. அழுகினது போக மிஞ்சின கிழங்கில் வளர்ந்தது நல்ல மாவில் வளரவில்லை என்றால் என்ன அர்த்தம்?

'முடியாது சார்' அளவு நாடாவோடு வந்து சுவரை அளந்துவிட்டுப் போனார். எத்தனை கட்டில் போடலாம் என்று வாய்விட்டே கணக்குப் போட்டார். நேற்று டாக்டரம்மா வேறு ஒரு மாதிரியைத் தலைநகரத்துக்கு அனுப்பினார். செங்கல் சூளைக்காரர், நடுத்தர வயசு. பதில் எப்போது வரும் என்று அவர் என்னிடம் கேட்டார். நான் என்ன சொல்வேன், சொல்?

கோபப்படாமல் சொல். கிழங்குக்கோ பயறுக்கோ ஏதாவது மருந்து அடித்தீர்களா? அரைக்கும்போது பூச்சிப்பொடி எதையாவது சேர்த்தார்களா?

உன் தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீயும் இரு.

மருந்தா? என் மாவிலா? நல்லா இருக்குடா நியாயம்! வெயிலில் முதுகு தோல் உரிய அரிந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? நான் பக்குவம் பண்ணின மாவில் இதுவரை ஒரு வண்டு விழுந்ததில்லை, ஒரு பூசணம் பிடித்ததில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்.

மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நான் கேட்கவில்லை.

அக்கா


மே 8

அன்புள்ள, கோபமுள்ள அக்காவுக்கு,

நலம், நலம், பரம நலம்! மாமாவுக்கு என் வணக்கம். உனக்குப் பெரிய கும்பிடு.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தனியாகச் சிரித்தேன். பெருக்க வந்த அம்மா பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். "ஒரு பூசணம் பிடித்ததில்லை" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிதான். ஏன் பிடித்ததில்லை? என்ன செய்கிறாய் அதற்கு?

எழுந்து போய் மாவுப் பையைத் திறந்து முகர்ந்தேன். முதல் நாள் திறந்தபோதே அந்த வாசனை மூக்கில் ஏறியது. நம் வீட்டு அடுக்களை வாசனை. நான் ஒரு மடையன், கண்ணை மூடிக்கொண்டு ஆசையாக முகர்ந்துவிட்டு, ஊரை நினைத்துக் கண் கலங்கி, பையைக் கட்டி வைத்தேன். படித்தவன் யோசிக்க வேண்டாமா, மரவள்ளி மாவுக்கு ஏது அந்த வாசனை என்று?

கிராம்பு!

மாவுப் பானையில் கிராம்பு போட்டு வைப்பாயே. எனக்கு ஒரு பங்கு கூடுதல் பக்குவம் என்று சேர்த்தே அரைத்து அனுப்பியிருக்கிறாய், இல்லையா? கிராம்புச் சாறு பட்டால் பூஞ்சை தலைதூக்காது. விருந்துக்குக் கூப்பிட்டு, சோற்றில் விஷத்தைக் கலந்து வைத்திருக்கிறோம் இருவரும். நீ கலந்தாய், நான் பரிமாறினேன்.

சரிபார்க்க வேண்டாமா? கடையில் ஒரு மரவள்ளி வாங்கி இரண்டாகப் பிரித்துக் காய்ச்சினேன். ஒன்றில் கிராம்பு, ஒன்றில் இல்லை. இல்லாததில் வளர்ந்திருக்கிறது, இருப்பதில் பளபளப்பு. உன் மேல் பழி போட்டது இது இரண்டாவது தடவை. மன்னித்துக்கொள்.

மறுபடி அரிந்து, காயவைத்து, அரைத்து அனுப்ப முடியுமா? இந்தத் தடவை ஒரு பக்குவமும் வேண்டாம். பூசணம் வந்தால் வரட்டும் என்று விட்டுவிடு. உனக்குக் கஷ்டம்தான், பல்லைக் கடித்துக்கொள்.

உன் தம்பி


மே 27

தம்பிக்கு,

நலம். நீ நலமா?

உன் கடிதத்தை மாமா படித்தார், நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கிராம்பு போட்டதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுப்புப் பற்ற வைத்தேன் என்று யாராவது கடிதத்தில் எழுதுவார்களா?

நாலு பையும் லாரியில் வருகிறது. ஒரு பக்குவமும் செய்யவில்லை. கை அரித்தது, அடக்கிக்கொண்டேன். சோளம் மட்டும் புதுசு, போன வாரம் ஒடித்தது.

எழுத்துக் கோணலாக இருக்கும், கண்டுகொள்ளாதே. சோளத்தாள் ஒன்று முகத்தில் அடித்துவிட்டது. எழுதியது போதும் என்று மாமா சத்தம் போடுகிறார்.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முதலில் ஒன்று கேட்கிறேன். முகத்தில் அடித்தது என்றாயே, கன்னமா, நெற்றியா? கண்ணாக மட்டும் இருந்தால் கடையில் ஏதோ சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. கண் ஆஸ்பத்திரி எது பக்கமோ அங்கே அன்றைக்கே போ. மாமாவிடமும் சொல்.

இனி என் கதை. மரவள்ளியும் சோளமும் சரிபாதி, கொஞ்சம் பயறு, கொஞ்சம் சர்க்கரைவள்ளி. ஊற்றி வைத்த மறுநாளே தட்டில் வெள்ளை. அப்புறம் நிறம். அப்புறம் வித்து! கப்பல் தூளில் வளர்ந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம்முடையது கொழு கொழு.

'முடியாது சார்' மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "இது நீங்க வளர்த்த செல்லப்பிள்ளை. எங்க வச்சாலும் வளரும். பேஷன்ட் கண்ணுல இருந்து வந்தது வளரட்டும், டாக்டர் அதை நம்பி மருந்து குடுத்துக் கண்ணு தேறட்டும், அப்போ பேசலாம்" என்றார். அநியாயமாகத் தோன்றினாலும் நியாயமான பேச்சுதான். மாதிரி வருவதற்காகக் காத்திருக்கிறேன். எனக்கு வருவது ஒரு நம்பர் மட்டும்தான், பெயர் டாக்டரம்மாவின் மேஜையோடு நின்றுவிடும். தச்சரையும் சூளைக்காரரையும் அவர்களே மாடி ஏறி வந்து கேட்டதால்தான் தெரியும். அதுவும் நல்லதுதான். ஆளைத் தெரிந்தால் கை ஓடாது.

உடனே பதில் போடு.

உன் தம்பி


ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

ஏன் பதில் இல்லை? இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. இன்னும் கிராம்புக் கோபமா? உடம்பு சரியில்லையா? மாமாவாவது ஒரு வரி போடக் கூடாதா?

இருந்தாலும் இதை உனக்குச் சொல்லாமல் என்னால் தூங்க முடியாது.

மாதிரி வந்தது. நம்பர் 212. முற்றின புண், யாரோ ஏதோ சொட்டு மருந்தை ஊற்றிக் கெடுத்த கண், சீக்கிரம் சொல்லு என்று சீட்டில் டாக்டரம்மா எழுதியிருந்தார். உன் மாவில் கீறி வைத்தேன். மறுநாள் ஒன்றுமில்லை. என் உயிர் என்னிடத்தில் இல்லை. அதற்கடுத்த நாள் காலையில் திறந்தால், கீறின கோட்டின் மேலேயே வெள்ளை வெளேரென்று பஞ்சு! வேறெங்கும் இல்லை, கோட்டின் மேல் மட்டும். அப்புறம் வித்துக் கட்டியது. நுண்ணோக்கியில் பிறை பிறையாக, அடடா, அப்படி ஓர் அழகு. படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கிப் போய், "பூஞ்சைதான் டாக்டர், இந்த ரகம்தான்" என்றேன். அவர் அந்த நிமிஷமே மருந்தை மாற்றினார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

நேற்று டாக்டரம்மாவே மாடி ஏறி வந்தார், கூடவே 'முடியாது சார்'. புண் சுருங்குகிறதாம், கண் தப்பிவிட்டதாம்! கண்காணிப்பாளர் தட்டை எடுத்து வெகு நேரம் பார்த்தார். "இனிமே வர்ற எல்லா மாதிரிக்கும் இதையே போடுங்க. முடியும்ல?" என்றார். அக்கா, அந்த மனிதர் வாயில் அந்தச் சொல்! அறைக்குப் பூட்டு இல்லை. கட்டில்கள் வராந்தாவிலேயே கிடக்கட்டும்.

அந்த 212 யார் பெற்ற பிள்ளையோ தெரியாது. அந்தக் கண்ணுக்கு உடையவர் நூறு வயசு இருக்கட்டும். தச்சருக்கும் சூளைக்காரருக்கும் என்னால் செய்ய முடியாததை இவருக்குச் செய்துவிட்டேன். உன் கிழங்கு செய்தது.

எழுது. கவலையாக இருக்கிறது.

உன் தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

அந்தக் கண்ணுக்கு உடையவள் எழுதுகிறேன்.

நலம். நிஜமாகவே நலம். குதிக்காதே, உட்கார்ந்து படி. தபால்தலை இல்லையே என்று பார்க்காதே. உனக்கு இரண்டு மாடி கீழே, பெண்கள் வார்டில், ஜன்னல் ஓரக் கட்டிலில் இருக்கிறேன். இதை மேலே கொண்டு வந்தது வார்டு ஆயா. "யாருக்கும்மா குடுக்கணும்?" என்றாள். பூசணத்துக்குச் சோறு போடுகிறவருக்கு என்றேன். உடனே புரிந்துகொண்டாள், இங்கே உனக்கு அதுதான் பெயர்.

சோளத்தாள் அடித்தது கண்ணில்தான். கடைச் சொட்டு மருந்தும் ஊற்றிக்கொண்டேன், நீ திட்டுவாய் என்றுதான் சொல்லவில்லை. வெளிச்சம் பட்டால் உயிர் போனது. உன் ஜூன் மாதக் கடிதம் வந்த அன்று மாமா படித்து முடித்ததும் பையை எடுத்தார். பக்கத்து ஆஸ்பத்திரி வேண்டாம், என் தம்பி இருக்கிற இடத்துக்குப் போகலாம் என்றேன்.

வந்ததும் டாக்டரம்மாவிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்: அவன்கிட்ட சொல்லாதீங்க, நான் ஜன்னல்ல நின்னா அவனுக்குக் கணக்கு வராது. அவர் சிரித்துவிட்டு, "நம்பர் மட்டும்தாம்மா மேல போகும்" என்றார். அந்த வெள்ளை முளைக்கிறவரைக்கும் நான் இங்கே பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கண்ணைவிட, உனக்குப் பொய்த்துப் போய்விடக் கூடாதே என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். மாமா உன்னை வராந்தாவில் இரண்டு தடவை பார்த்து, அந்த முழங்காலோடு தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்.

நீ கடைசியாகப் போட்ட கடிதம் ஊருக்குப் போய், மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போன மாமாவின் பையில் ஏறி, நேற்று உன் கட்டிடத்துக்கே திரும்பி வந்தது. அவர் படிக்கப் படிக்க வார்டே கேட்டது. "அடடா, அப்படி ஓர் அழகு" என்ற இடத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கண்ணில் இருந்த பூசணத்தை இவ்வளவு ரசித்த ஆள் நீ ஒருவன்தான்!

பெருமையாக இருக்கிறதடா. சொல்லத் தெரியவில்லை எனக்கு. கண் தெரிகிறவரை உன்னைக் கூப்பிடுவதில்லை என்றிருந்தேன். இன்று காலையில் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். ஜன்னல் கம்பி தெரிந்தது, கம்பிக்கு அந்தப் பக்கம் மரமும் தெரிந்தது. இந்தக் கடிதத்தில் எழுத்துக் கோணவில்லை, கவனித்தாயா?

போதும், இறங்கி வா. பரீட்சை முடிந்துவிட்டது, இனி நான் பக்கத்தில் நிற்கலாம். படியில் தாவாதே, மெதுவாக வா. வரும்போது அந்த 212 தட்டை மூடி போட்டு எடுத்து வா. என் கிழங்கைத் தின்று அது எப்படிக் கொழுத்திருக்கிறது என்று இந்தக் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.

அக்கா